பழங்கட்டடங்களின் உள்ளொளியைப் படம் பிடித்தல்

மதுரைத் திருமலை நாயக்கர் மகாலின் வாயிலைக் கடந்து உட்புகுவார்க்கு முதற்கண் தோன்றுவது வானம் திறந்த பெருமுற்றமும் அதனைச் சூழ்ந்து நிற்கும் பருத்த தூண்களுமாம். முற்றத்தில் வெயில் எரிக்க, தூண்களுக்குப் பின்னுள்ள மண்டபத்திலோ அந்திப்பொழுது போன்ற மங்கல் நிலவும். அதற்கும் மேலே, வளைவுகளின் உட்புறத்துச் சுதைவேலை இருளோடு இருளாய்ப் பதிந்து கிடக்கும். இவையனைத்தையும் ஒரே நோக்கில் கண்டுவிட்டதாக நம் கண் எண்ணிக்கொள்கின்றது. தமிழ்ச் சிறப்பு வகுப்பினராகிய யாம் மூவர் சென்ற ஆண்டு ஒரு காமிராவோடு ஆங்குச் சென்றபோது, அக்கருவி அவ்வாறு எண்ணுவதில்லை என்பதை அறிந்தோம். முற்றத்துக்கு ஏற்ப ஒளியை அளந்து எடுத்தால் மண்டபம் கரிப்படலமாயிற்று. மண்டபத்துக்கு ஏற்ப எடுத்தால் முற்றம் வெள்ளைத்தாளாயிற்று. குற்றம் எடுத்தவர்பாலதோ கருவிபாலதோ என்று எம்முள் ஒரு சிறு வழக்கும் எழுந்தது. அவ்வழக்கைத் தீர்க்கப் புகுந்து யாம் கற்றனவற்றையே ஈண்டு எழுதுகின்றோம்.

முதலில் ஒளியின் அளவைக் கூறுவாம். உச்சி வெயிலில் தரைமீது விழும் ஒளி ஏறத்தாழ 1,00,000 லக்ஸ். பழங்கட்டடமொன்றன் உள்மூலையில் 10 லக்ஸ் இருப்பதும் அரிது. ஒன்றற்கொன்று பதினாயிரம் மடங்கு வேறுபாடு. சுவரின் வெண்மையும் மரத்தின் கருமையும் சேர்ந்தால் இவ்வேறுபாடு பின்னும் பெருகும். கதிரவன் நேரே பின்னின்று ஒளிரும் சாளரம் ஒன்றும் இருந்துவிட்டால் சொல்லவே வேண்டா. கண் இதனை எவ்வாறு ஆள்கின்றது எனின், ஒரே நோக்கில் ஆள்வதில்லை என்பதே விடை. கண்மணியின் துளை 2 மில்லிமீட்டரிலிருந்து 8 மில்லிமீட்டர் வரை விரியும். அதனால் உட்புகும் ஒளி பதினாறு மடங்கே மாறும். எஞ்சிய வேலையை விழித்திரை செய்கின்றது. முழு இருளுக்கு அது பழக அரைமணி நேரமும் ஆகலாம். கண் சாளரத்தைப் பார்க்கும், பிறகு தூணைப் பார்க்கும், பிறகு விதானத்தை அண்ணாந்து பார்க்கும்; ஒவ்வோரிடத்தும் தன்னைத் திருத்திக்கொள்ளும். இத்துண்டுகளையெல்லாம் கோத்து, ‘யான் ஒரு மண்டபத்தைக் கண்டேன்’ என்று கூறுவது மூளையே.

காமிராவுக்கு அத்தகைய உரிமை இல்லை. அது ஒரு கணத்தில் ஒரே முறை பார்க்கும். ஒளி இருமடங்காவதை ஒரு படி என்று கொண்டால், இக்காலத்து நல்ல கருவி ஒன்று பன்னிரண்டு முதல் பதினான்கு படிகள் வரை ஒரே படத்தில் பதிய வைக்கும். பதினான்கு படி என்பது 16,384 மடங்கு. கணக்குக்கு இது போதும்போல் தோன்றும். ஆயினும் நிழலின் கடைப்படிகளில் மணலை வாரித் தூவினாற்போன்ற புள்ளிகளே மிஞ்சும். சுதைவேலையின் நுட்பம் தெரியாது. இது நிற்க, இவ்வாண்டுமலர் போன்ற தாளில் அச்சிட்டால் மிக வெளுத்த இடத்துக்கும் மிகக் கறுத்த இடத்துக்கும் உள்ள வேறுபாடு ஏறத்தாழ நூறு மடங்கே; சொரசொரப்பான தாளாயின் அதனினும் குறைவு. ஆகவே இடர் இரண்டு. பதினாயிரம் மடங்கைப் பதிவு செய்தல் ஒன்று. பதிந்ததை நூறு மடங்குக்குள் அடக்குதல் மற்றொன்று. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொண்டு மயங்குவோர் பலர். யாமும் மயங்கினோம்.

பதிவு செய்யும் முறையை ‘எச்.டி.ஆர்.’ என்று மூன்றெழுத்தால் வழங்குகின்றனர். தமிழில் எங்ஙனம் கூறலாம் என்று எம்முள் ஒரு மாலை முழுதும் ஆராய்ந்தோம். ‘மிகு ஒளிநெடுக்கம்’ என்றார் ஒருவர்; ‘பேரொளி வீச்சு’ என்றார் மற்றொருவர். பின்னது தீப்பெட்டி விளம்பரம்போல் இருக்கின்றதென்று முன்னையதையே கொண்டோம். அன்பர்கள் இதனினும் நல்ல சொல் கண்டால் மகிழ்வோடு ஏற்போம்.

முறை கடினமானதன்று. கருவியை அசையாது நிறுத்தி, ஒரே காட்சியைப் பல அளவு ஒளியில் பலமுறை எடுத்துப் பின்னர்க் கணினியில் ஒன்றாக்குவதே அது. முற்றத்தைக் காட்டும் படமும் மண்டபத்தைக் காட்டும் படமும் விதானத்தைக் காட்டும் படமும் தனித்தனியே குறையுடையன, சேர்ந்தால் நிறைவுடையன. தமிழ் பயில்வார்க்கு இது புதிதன்று. ஓர் ஏட்டில் முதற்பகுதி செல்லரித்திருக்கும். மற்றோர் ஏட்டில் இறுதிப்பகுதி முரிந்திருக்கும். பதிப்பாசிரியர் பல ஏடுகளை ஒப்புநோக்கி, எவ்விடத்தில் எவ்வேடு தெளிவோ அவ்விடத்தில் அதனைக் கொள்வார். கணினியும் அதனையே செய்கின்றது. ஒரு படத்தில் வெளுத்துப்போன புள்ளியையும் கறுத்துப்போன புள்ளியையும் நம்பாது, இடைநிறத்தில் நன்கு பதிந்தவற்றுக்கே மிகுந்த மதிப்பளித்துக் கூட்டுகின்றது.

இரண்டு குறிப்புக்களை மட்டும் வற்புறுத்திக் கூறுவோம். ஒளியைக் கூட்டவும் குறைக்கவும் ஷட்டரின் காலத்தையே மாற்றல் வேண்டும். துளையை மாற்றினால் தெளிவாய்த் தெரியும் தொலைவு படத்துக்குப் படம் வேறுபட்டு, ஒன்றன்மேல் ஒன்று பொருந்தாது. கருவி தானே குவியத்தையும் நிறச்சமனையும் மாற்றிக்கொள்ளும் வசதிகளை முன்னரே அடைத்துவிடல் வேண்டும். இல்லையேல் ஒரு படம் மஞ்சளாகவும் அடுத்தது நீலமாகவும் வரும். மகாலில் யாம் கையாண்ட காலங்கள் ஒரு நொடியில் 500இல் ஒரு பங்கு, 125இல் ஒரு பங்கு, 30இல் ஒரு பங்கு, 8இல் ஒரு பங்கு, அரை நொடி, இரண்டு நொடி என ஆறு. ஒவ்வொன்றும் தனக்கு முந்தியதினும் இரண்டு படி மிகுதி. இடையே பறந்த புறா ஒன்று ஆறு படங்களில் மூன்றில் மட்டும் அகப்பட்டு, சேர்த்த படத்தில் ஆவிபோல் நின்றது. அதனைச் சிலர் மிக இரசித்தனர்.

இம்முயற்சி இன்று நேற்றுத் தோன்றியதன்று. பிரான்சு நாட்டு குஸ்தாவ் லெ கிரே என்பார் 1850களிலேயே கடற்காட்சிகளை எடுக்கும்போது வானுக்கொன்றும் கடலுக்கொன்றுமாக இரண்டு நெகட்டிவ்களைக் கொண்டு ஒரு படம் அச்சிட்டார். அக்காலத்து இரசாயனப்பூச்சு நீலநிறத்துக்கு மிக விரைவில் இணங்குமாதலின் வானம் எப்பொழுதும் வெறுமையாயே வரும். நம் மதுரையை 1858இல் படம் பிடித்த கேப்டன் லின்னியஸ் டிரைப் என்பாரும் இவ்விடருக்கு ஆட்பட்டவரே; அவர் தம் காகித நெகட்டிவ்களின்மீது வண்ணம் தீட்டி, இல்லாத மேகங்களை வரைந்து சேர்த்ததுண்டு. ஏட்டில் விடுபட்ட இடத்தைப் பதிப்பாசிரியர் தாமே பாடி நிரப்பினாற்போல்வது இது.

கணினி வழி இது செப்பமுற்றது 1990களில். ஸ்டீவ் மான், ரோசலிண்டு பிக்கார்டு என்னும் இருவர் 1995இலும், பால் டெபவெக், ஜிதேந்திர மாலிக் என்னும் இருவர் 1997இலும் வெளியிட்ட ஆராய்ச்சிகள் இத்துறைக்கு அடிப்படையாயின. பின்னவர் இருவரும் எடுத்துக்காட்டாகக் கொண்டது அமெரிக்காவில் ஸ்டான்போர்டுப் பல்கலைக்கழகத்து நினைவாலயத்தின் உட்புறம் என்பது நம் கல்லூரியார்க்கு உவப்பளிக்கும். வண்ணக்கண்ணாடிச் சாளரமொன்றன் நேர்பின்னே கதிரவன் நிற்க, 30 நொடி முதல் ஆயிரத்தில் ஒரு பங்கு நொடி வரை பதினாறு படங்களைப் பிலிமில் எடுத்து, கணினியில் ஏற்றி ஒன்றாக்கினர். அவ்வாலயத்தினுள் மிக ஒளிர்ந்த இடத்துக்கும் மிக இருண்ட இடத்துக்கும் இடைப்பட்ட வேறுபாடு இலட்சம் மடங்குக்கு மேற்பட்டதாயிருந்தது. எந்தத் தாளாலும் அதனை அவ்வாறே காட்ட இயலாது. அஃது ஒரு படம் என்பதினும் ஒளியின் கணக்கேடு என்பதே பொருந்தும்.

அக்கணக்கேட்டை நூறு மடங்குக்குள் சுருக்கும் இரண்டாம் வேலையிலேதான் எம் அறியாமை வெளிப்பட்டது. சுருக்குதலில் இருவகை உண்டு. படம் முழுவதையும் ஒரே விதியால் சுருக்குவது ஒன்று. இதில் ஒளி நிழல் முறை கெடாது, ஆனால் நுட்பம் மங்கும். ஒவ்வோரிடத்தையும் அதன் அக்கம்பக்கத்தோடு ஒப்பிட்டுத் தனித்தனியே சுருக்குவது மற்றொன்று. இதில் நுட்பம் துலங்கும், ஆனால் அளவு மீறினால் சாளர விளிம்புகளைச் சுற்றி ஒளிவட்டம் படரும், சுவரில் அழுக்கு முளைக்கும், நிழல் என்பதே இல்லாதொழியும். யாம் அளவு மீறினோம். மகாலின் தூண்கள் சர்க்கரைப் பொம்மைகள் போல் மின்னின. விடுதியில் அப்படத்தைக் கண்டு பாராட்டாதவர் இல்லை; யாமும் நாணவில்லை.

கைபேசியே இதனைத் தானாகச் செய்கின்றதே, இத்துணைப் பாடு எதற்கு என்று வினவுவாரும் உளர். உண்மையே. கைபேசி பல குறுங்காலப் படங்களை அடுத்தடுத்து எடுத்துக் கண்ணிமைக்குமுன் கூட்டித் தருகின்றது. ஆனால் எவ்வளவு நிழல் இருக்கலாம் என்பதை முடிவு செய்வது கைபேசியே அன்றி எடுப்பவர் அல்லர். இவ்வேறுபாடு எத்துணைப் பெரிதென்பதை யாம் நெல்லைச் சீமையில் கற்றோம்.

எம்முள் ஒருவருடைய ஊரில் நூறாண்டு கடந்த சிற்றாலயம் ஒன்று இருந்தது. தேக்குக் கைமரங்கள், சுண்ணாம்புச் சுவர்கள், கிழக்கே பலிபீடத்துக்கு மேல் வண்ணக்கண்ணாடிச் சாளரம் ஒன்று. சபையார் பெருகிவிட்டனர், மழைக்காலத்தில் கூரையும் ஒழுகியது, ஆகவே அசனப் பண்டிகை முடிந்ததும் அதனை இடித்துப் பெரிதாகக் கட்டுவதெனத் தீர்மானித்தார்கள். மழையில் நனைந்து ஆராதித்தவர்களைக் குறை கூறும் தகுதி எமக்கில்லை. இடிக்குமுன் உட்புறத்தைப் படமெடுத்துத் தருமாறு எம்மைக் கேட்டனர். அதற்கு முன் எவரும் நன்கு எடுத்ததில்லை. மணப்படங்களில் மணமக்களுக்குப் பின்னே ஒரு கறுப்புத்தான் தெரியும்.

காலை ஏழு மணிக்குச் சாளரத்தில் வெயில் ஏறியபோது, பின்கதவருகே முக்காலியை நிறுத்தி எட்டுப் படங்கள் எடுத்தோம்; முதலாவது ஆயிரத்தில் ஒரு பங்கு நொடி, இறுதியானது பதினைந்து நொடி. அப்பதினைந்து நொடியும் மரத்தரை அசையாதபடி மூச்சை அடக்கி நின்றோம். அன்றிரவே மகாலுக்குச் செய்தவாறே அவற்றைக் கூட்டி, மறுநாள் அச்சிட்டு எடுத்துச்சென்றோம். ஆலயத்தில் நாற்பதாண்டு மணியடித்த பெரியவர் ஒருவர் படத்தை நெடுநேரம் பார்த்தார்.

“படம் அழகாத்தான் இருக்கு தம்பி. இது எந்த ஊருக் கோயில்?”

இந்தக் கோயில்தான் ஐயா என்றோம்.

“காலையில நான் கதவத் தொறக்கையில பின்னால இருக்கிற பெஞ்சு ஒண்ணும் கண்ணுக்குத் தெரியாது. சன்னல் மட்டும் எரியும். மத்ததெல்லாம் பெறவுதான் ஒண்ணொண்ணா வரும். நீங்க எல்லாத்தையும் ஒரேயடியா வெட்டவெளிச்சம் ஆக்கிட்டீங்களே.”

பதில் கூற ஒன்றும் இல்லை. டிரைப் துரையின் மேகங்களைப் பற்றிச் சற்று ஏளனமாகப் பேசியவர்கள் யாமே.

நல்வாய்ப்பாக எட்டு மூலப்படங்களும் அழியாதிருந்தன. அவற்றை மீண்டும் கூட்டினோம். இம்முறை, டாம் மெர்ட்டன்சும் அவருடைய துணைவரும் 2007இல் வெளியிட்ட வழியைப் பின்பற்றினோம்; ஒளிக்கணக்கேடு அமைக்காமலே ஒவ்வொரு படத்திலும் நன்கு பதிந்த பகுதிகளை நேரே இழைத்துச் சேர்ப்பது அது. அதன்பின் நிழலை ஒன்றரைப் படி கீழே இறக்கினோம். சாளரம் எரிந்தது, கைமரங்கள் உண்டென்று தெரிந்தன, பின்வரிசை பெஞ்சுகள் இருளில் ஆழ்ந்தன. முன்னைய படத்தையும் யாம் எறிந்துவிடவில்லை. கைமரம் சுவரில் எங்ஙனம் பொருத்தப்பட்டது, சாளரத்து ஈயப்பட்டை எவ்வாறு வளைந்தது என்று பிற்காலத்தார் ஒருவர் கேட்பின், அதனில்தான் விடை இருக்கின்றது. நிறத்தை மட்டும் தணித்து, ‘கட்டட அமைப்பை அறிதற்பொருட்டு நிழல் நீக்கப்பெற்றது’ என்று அடியில் எழுதினோம். பாடபேதத்தை அடிக்குறிப்பாகக் காட்டும் பதிப்பாசிரியர்க்கு இது தோன்றாமற் போகாது.

ஆலயம் இப்பொழுது இல்லை. கண்ணாடிச் சாளரத்தை மட்டும் புதிய கட்டடத்தில் வைப்பதற்கெனக் கழற்றிச் சாக்கு சுற்றி வைத்திருக்கின்றனர். இரண்டு படங்களையும் எட்டு மூலங்களையும் சபையாரிடம் ஒப்படைத்தோம். பெரியவர் இருண்ட படத்தில் ஒரு படி வேண்டுமென்று கேட்டு வாங்கிக்கொண்டார். அதனில் ஏறத்தாழ ஒன்றும் தெரியாத இடது மூலையொன்றில் விரலை வைத்து, மணி அடித்துவிட்டுத் தாம் வந்து உட்காரும் இடம் அதுவென்றார்.