ஏலத்துக்கு முன்னால் நடக்கிற ஏலம்

"இந்தத் தடவை யாரை விட்டுவிடுகிறார்களாம்? யாரை வைத்துக்கொள்கிறார்களாம்?"

தளேகாவ் ரயில் நிலையத்துக்கு வெளியே, டீக்கடை வாசலில் இந்தக் கேள்வி தமிழில் கேட்டால் புதிதாக வந்தவர் திடுக்கிடுவார். ஏதோ தொழிற்சாலையில் ஆள் குறைப்பு என்றுதான் நினைப்பார். இந்த ஊருக்கு அது புதிய செய்தியும் அல்ல. 2008-ல் இங்கே கார் உற்பத்தியைத் தொடங்கிய ஜெனரல் மோட்டார்ஸ் ஆலை 2020 டிசம்பரில் உற்பத்தியை நிறுத்தியது. 2024 ஜனவரியில் அது ஹூண்டாய் கைக்கு வந்தது. இடைப்பட்ட காலத்தில் எந்த அறையில் யார் யாருடன் என்ன பேசினார்கள் என்பது, லேத்தின் முன்னால் நின்றவனுக்குக் கடைசியில்தான் தெரிந்தது.

ஆனால் டீக்கடையில் கேட்ட பேச்சு ஆலையைப் பற்றியது அல்ல. கபடியைப் பற்றியது. லோனாவ்லா லோக்கலில் வந்து இறங்கிய ஒரு திருநெல்வேலி குமாஸ்தாவும், தஞ்சாவூர்ப் பக்கத்து ஃபிட்டர் ஒருவரும் புனேரி பல்தானையும் தமிழ் தலைவாஸையும் ஆள் ஆளாக எடை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"அண்ணாச்சி, ரெண்டு கோடி கொடுத்து எடுக்கிறதுக்குப் பதிலா நாலு நல்ல பையன்களை எடுத்திருக்கலாமில்ல?"

"தம்பி, கையில இருக்கிறதே அஞ்சு கோடிதான். ஒருத்தனுக்கு ரெண்டரை போச்சுன்னா மிச்சம் இருவது பேருக்கு என்னத்தை வச்சிக் கொடுப்பே?"

இந்தக் கணக்கைத்தான் அமெரிக்காவில் பெரிய பெரிய அறைகளில் உட்கார்ந்து போடுகிறார்கள்.

<b>கரும்பலகையில் 90 பெயர்கள்</b>

அமெரிக்கர்கள் 'ஃபுட்பால்' என்று சொல்லும் ஆட்டத்தில் காலுக்கு வேலை குறைவு. முட்டை வடிவப் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓட வேண்டும். எதிரி பாய்ந்து கட்டிப் பிடித்துச் சாய்க்க வேண்டும். தலைக் கவசத்தைக் கழற்றிவிட்டுப் பார்த்தால் நம் சடுகுடுவுக்கு ஒன்றுவிட்ட சகோதரன் என்று சொல்லலாம். 32 அணிகள். ஓர் அணிக்கு 53 பேர். மைதானத்தில் நடக்கிற ஆட்டத்துக்குச் சளைக்காமல் மைதானத்துக்கு வெளியே நடக்கிற பேச்சையும் அந்த நாட்டு மக்கள் ஆண்டு முழுவதும் ரசிக்கிறார்கள்.

அந்தப் பேச்சுக்கு முறையான தொடக்கம் 1936 பிப்ரவரி 8. பிலடெல்பியா நகர ஹோட்டல் ஒன்றில் அன்றிருந்த ஒன்பது அணிகளின் முதலாளிகள் கூடினார்கள். கல்லூரி ஆட்டக்காரர்கள் 90 பேரின் பெயர்கள் கரும்பலகையில் எழுதப்பட்டிருந்தன. கடைசி இடத்தில் முடித்த அணிக்கு முதல் ஆளைப் பொறுக்கும் உரிமை. பிலடெல்பியா அணியின் முதலாளி பெர்ட் பெல் சொன்ன யோசனை இது. கடைசியில் நின்றது அவருடைய அணியேதான் என்பதைச் சேர்த்துச் சொன்னால் யோசனை எங்கிருந்து பிறந்தது என்பது விளங்கும்.

முதலில் பொறுக்கப்பட்டவர் ஜே பெர்வாங்கர். கல்லூரி ஆட்டத்தின் மிகப் பெரிய விருதை முதன்முதலில் பெற்றவர். பிலடெல்பியா அவரைச் சிகாகோவுக்குக் கைமாற்றியது. சிகாகோ முதலாளி ஜார்ஜ் ஹாலஸுடன் சம்பளப் பேச்சு படியவில்லை. பெர்வாங்கர் ரப்பர் கம்பெனி ஒன்றில் வேலைக்குப் போய்விட்டார். தொழில்முறை ஆட்டத்தில் ஒரு நாள்கூட இறங்கவில்லை. கிராமத்துக் கபடிக் குழுவில் புலியாக இருந்து, ரயில்வேயில் வேலை கிடைத்ததும் காலில் செருப்பை மாட்டிக்கொண்டு போன நம்மூர் அண்ணன்மார்களை நினைத்துக்கொண்டால் இந்தக் கதை அந்நியமாகத் தோன்றாது.

எல்லா அறைப் பேச்சும் சரியாக வந்துவிடுவதும் இல்லை. 2000-ம் ஆண்டுத் தேர்வில் 198 பேரை எடுத்த பிறகு 199-வது ஆளாக எடுக்கப்பட்டவர் டாம் பிராடி. பின்னால் ஏழு முறை சாம்பியன் கோப்பையைத் தூக்கியவர். தேர்வாளர்கள் ஓட்டத்தை அளந்தார்கள், உயரத்தை அளந்தார்கள், எடையை அளந்தார்கள்; அவரை அளக்கத் தெரியவில்லை. ஆளை விட்டுக்கொடுத்து லாபம் பார்த்த கதையும் உண்டு. 1989 அக்டோபரில் டல்லாஸ் அணி தன் நட்சத்திரமான ஹெர்ஷல் வாக்கரை மினசோட்டாவுக்குக் கொடுத்துவிட்டு, பதிலுக்குச் சில ஆட்டக்காரர்களையும், வரும் ஆண்டுகளில் புதியவர்களைப் பொறுக்கும் உரிமைகளையும் கூடை கூடையாக வாங்கிக்கொண்டது. அப்படி வந்தவர்களையும் வைத்துக் கட்டிய அணி தொண்ணூறுகளில் மூன்று முறை சாம்பியன் ஆனது.

1994 முதல் சம்பளத்துக்கு உச்சவரம்பு வைத்தார்கள். ஓர் அணி ஆண்டுக்கு இவ்வளவுதான் செலவிடலாம். அன்று 3 கோடியே 46 லட்சம் டாலர். 2025-ல் 27 கோடியே 92 லட்சம் டாலர். முதலாளி குபேரனாகவே இருந்தாலும் இந்தக் கோட்டைத் தாண்ட முடியாது. ஆகவே ஒருவருக்குக் கூட்டினால் இன்னொருவருக்குக் குறைய வேண்டும். இந்தக் கணக்கைப் போடுவதற்கென்றே தனி ஆட்கள். சான்பிரான்சிஸ்கோ அணியின் ஒப்பந்தங்களை நெடுங்காலம் பேசி முடித்தவரின் பெயர் பராக் மராத்தே. பூர்வீகம் எந்தப் பக்கம் என்று தளேகாவில் இருப்பவருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை!

ஒப்பந்தம் முடிந்த ஆட்டக்காரர்களுக்கான சந்தை மார்ச் மாதத்தில் திறக்கிறது. அதற்கு இரண்டு நாள் முன்பாகவே அவர்களுடைய ஏஜெண்டுகளுடன் பேசிக்கொள்ளலாம் என்று விதியே இருக்கிறது. ஒளிந்து பேசுவதைத் தடுக்க முடியாதபோது, அதற்கு இரண்டு நாள் அனுமதி கொடுத்துவிட்டார்கள்.

அமெரிக்கப் பேச்சில் இருண்ட பக்கமும் ஒன்று உண்டு. பயிற்சிக்கு 90 பேரை எடுத்து, ஆகஸ்டு கடைசியில் 53 ஆகக் குறைப்பார்கள். ஒரே சமயத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு வேலை போகிறது. சிலரைப் பயிற்சிப் பட்டியலில் திரும்பச் சேர்ப்பார்கள். மற்றவர் மூட்டை கட்ட வேண்டும். பெயர் அடிபட்டவனைத் தேடி வந்து, 'கோச் கூப்பிடுகிறார், ஆட்டக் குறிப்புப் புத்தகத்தையும் எடுத்து வா' என்று சொல்கிற ஊழியருக்கு 'துருக்கன்' என்று பட்டப்பெயர். அவர் தாழ்வாரத்தில் நடந்து வந்தால் பெரிய பெரிய பயில்வான்களும் கதவைச் சாத்திக்கொள்வார்களாம்.

<b>பூனாவுக்கும் வந்து பார்த்தது</b>

இந்த ஆட்டம் பூனாவின் பெயரையும் ஒரு முறை தாங்கியது என்பது பலருக்கு நினைவில்லை. 2011-ல் இந்திய எலைட் ஃபுட்பால் லீக் என்று ஒன்றை அறிவித்தார்கள். மைக் டிட்கா, கர்ட் வார்னர், ரான் ஜாவோர்ஸ்கி போன்ற அமெரிக்க ஆட்டப் புள்ளிகள் அதற்குப் பின்னால் நின்றார்கள். இந்திய வம்சாவளியைச் சேர்ந்த பிராண்டன் சில்லரும் சேர்ந்துகொண்டார். அவர் செயின்ட் லூயிஸிலும் கிரீன் பேயிலும் ஆடியவர். ரக்பி, கபடி, ஓட்டப் பந்தயம் என்று வேறு வேறு களங்களில் இருந்த நம் நாட்டு இளைஞர்களுக்குத் தலைக் கவசம் மாட்டிப் பயிற்சி கொடுத்தார்கள்.

2012-ல் நடந்த முதல் பருவ ஆட்டங்கள் கொழும்பு சுகததாச விளையாட்டரங்கில் நடந்தன. படம் பிடித்துப் பின்னர் டெலிவிஷனில் காட்டினார்கள். கோப்பையை வென்ற அணி பூனா மராத்தாஸ்! ஆனால் பூனாக்காரர்களில் எத்தனை பேர் அதைக் கொண்டாடினார்கள்? அமெரிக்காவில் ஆட்டம் முதலில் கல்லூரிகளிலும் சிற்றூர்களிலும் வேர் விட்டது. பணம் பின்னால் வந்தது. இங்கே பணம் முதலில் வந்தது, ஆட்டம் பின்னால் வர வேண்டியிருந்தது. பேரம் பேசுவதற்கு முதலில் தெருவில் அந்த ஆட்டத்தைப் பற்றிப் பேச ஆள் வேண்டுமல்லவா?

கபடிக்கு அந்தக் குறை கிடையாது. மராட்டியர்கள் ஹுதுது என்பார்கள், நம்மவர்கள் சடுகுடு என்பார்கள். பிலடெல்பியாவில் கரும்பலகை எழுதிய அதே 1936-ல், பெர்லின் ஒலிம்பிக்கின்போது அமராவதியின் அனுமான் வியாயாம் பிரசாரக் மண்டல் குழுவினர் கபடியை அங்கே ஆடிக் காட்டினார்கள். காசு மட்டும் வரவில்லை. 2014-ல் புரோ கபடி லீக் தொடங்கிய பிறகுதான் அதுவும் வந்தது.

<b>கோப்பை கையில், ஆள் வெளியே</b>

2014-ன் முதல் ஏலத்தில் மிக அதிக விலை ராகேஷ் குமாருக்கு: ரூ.12 லட்சத்து 80 ஆயிரம். 2023 ஏலத்தில் ஈரான் நாட்டு முகமதுரேசா ஷாட்லூயியைப் புனேரி பல்தான் ரூ.2 கோடியே 35 லட்சத்துக்கு எடுத்தது. 2024 மார்ச் 1-ம் தேதி ஹைதராபாத்தில் அரியானா ஸ்டீலர்ஸை 28-25 என்று வென்று பூனா முதல் முறையாகச் சாம்பியன் ஆனது. அடுத்த ஏலத்துக்கு முன்பே ஷாட்லூயியை விடுவித்தது!

ஊரே திகைத்தது. ஆனால் குமாஸ்தா அண்ணாச்சி திகைக்கவில்லை. ஓர் அணியின் மொத்தப் பை ரூ.5 கோடி. அஸ்லம் இனாம்தார், மோகித் கோயத் போன்று இங்கேயே வளர்த்த இளைஞர்களை வைத்துக்கொள்ள வேண்டும். பாதிப் பையை ஒருவருக்கே கொட்டினால் அவர்களில் யாரையாவது இழக்க நேரும். அமெரிக்க உச்சவரம்புக் கணக்கேதான். ஷாட்லூயியை அரியானா ரூ.2 கோடியே 7 லட்சத்துக்கு எடுத்தது. 2024 டிசம்பர் 29-ல் அரியானா சாம்பியன் ஆனது. அது நடந்த இடம் எது தெரியுமா? பூனாவின் பாலேவாடி அரங்கம்! கணக்கு சரியாக இருந்தும் வயிறு எரிவதைத் தடுக்க முடியவில்லை.

தமிழ் தலைவாஸின் கதை இதைவிடச் சோதனையானது. 2022-ல் பவன் செராவத்துக்கு ரூ.2 கோடியே 26 லட்சம் கொடுத்தார்கள். முதல் ஆட்டத்திலேயே முழங்கால் போயிற்று. அந்தப் பருவம் முழுவதும் அவர் ஆடவில்லை. அப்போது கைகொடுத்தவர் நரேந்தர் என்ற புதுமுகம். ஏலத்தில் யாரும் பெரிதாகக் கூவி எடுத்தவர் அல்ல. அவரை நம்பி அந்த அணி முதல் முறையாக அரையிறுதிக்கு வந்தது. அரையிறுதியில் எதிரே நின்றது புனேரி பல்தான். மும்பையில் நடந்த அந்த ஆட்டத்தில் பூனா 39, தமிழகம் 37. இரண்டே புள்ளி. பங்கஜ் மொஹிதேயின் பாட்டை அன்று நிறுத்த முடியவில்லை. தளேகாவில் வாடகை அறைகளில் தங்கியிருந்த தமிழர்களுக்கு மறுநாள் ஷாப் ஃப்ளோரில் மராட்டிய நண்பர்களின் முகத்தில் விழிப்பதே பெரும்பாடாகிவிட்டது.

அதே பவனை 2023-ல் ஹைதராபாத் அணி ரூ.2 கோடியே 60 லட்சத்து 50 ஆயிரத்துக்கு எடுத்தது. 2025-ல் தமிழ் தலைவாஸ் அவரைத் திரும்பப் பிடித்த விலை ரூ.59 லட்சத்து 50 ஆயிரம். செப்டம்பரில் ஒழுங்கு நடவடிக்கை என்று சொல்லி நிர்வாகம் அவரை வீட்டுக்கு அனுப்பியது. அவர் குற்றச்சாட்டை மறுத்தார். அறைக்குள் நடந்தது அறைக்குள்ளேயே இருக்கிறது. டீக்கடையில் மட்டும் இரு கட்சி.

<b>நம் பையன் எந்தப் பக்கம்?</b>

தமிழ் தலைவாஸ் உருவானது 2017-ல். அதற்கு முந்தைய ஆண்டே பாட்னா அணிக்குத் தலைமை தாங்கிக் கோப்பை வாங்கிக் கொடுத்திருந்த தர்மராஜ் சேரலாதன், அந்த 2017-ல் எங்கே ஆடினார் தெரியுமா? புனேரி பல்தானுக்கு! தமிழ் அணியின் தலைவராக இருந்தவர் இமாசலப் பிரதேசத்து அஜய் தாக்கூர். அதே தாக்கூர்தான் 2025-ல் பூனா அணியின் பயிற்சியாளராகி, இறுதி ஆட்டம்வரை கொண்டுபோய், டில்லியிடம் 28-31 என்று தோற்றவர். சந்தையில் ஊர்ப் பற்றுக்கு விலைச் சீட்டு கிடையாது.

2024-ல் பூனா கோப்பை தூக்கியபோது பிடி அணியின் நடுவில் நின்றவர்களில் ஒருவர் அபினேஷ் நடராஜன். அவர் தமிழர். ஆகவே டீக்கடையில் தஞ்சாவூர் ஃபிட்டருக்குத் தர்மசங்கடம். தலைவாஸில் பாடிச் செல்கிறவர்கள் பெரும்பாலும் அரியானாக்காரர்கள். பூனாவில் பிடிக்கிறவர் நம்மவர்.

"அவனும் நம்மள மாதிரித்தானே அண்ணாச்சி. பொழைக்க வந்த எடத்துல ஒழுங்கா வேலை பாக்கிறான்."

"வேலை பாக்கிறது இருக்கட்டும் தம்பி. முழங்கால் போனா யாரு சோறு போடுவா, அதைச் சொல்லு."

அண்ணாச்சியின் கேள்வி நியாயமானது. கோடிகளைப் பற்றித்தான் செய்தி வருகிறது. ஏலத்தின் கடைசிப் பிரிவில் தொடக்க விலை ரூ.9 லட்சம். அந்த விலைக்கும் கேட்பாரின்றித் திரும்புகிறவர்கள் ஏராளம். பருவம் மூன்று மாதத்துக்குள் முடிந்துவிடுகிறது. அடுத்த ஆண்டு பெயர் கூப்பிடப்படுமா என்பது பெயருக்கு உரியவனுக்கே தெரியாது. ஆகவேதான் கிராமத்து வீடுகளில் இன்னமும் ரயில்வே, போலீஸ், வங்கி என்று விளையாட்டு ஒதுக்கீட்டு வேலையையே முதலில் கேட்கிறார்கள். பெர்வாங்கர் 1936-ல் போட்ட கணக்கு.

தளேகாவில் இந்தப் பேச்சு நடப்பதில் ஒரு பொருத்தமும் இருக்கிறது. ஆளுக்கு ஒரு பைசா என்று மக்களிடம் வசூலித்த 'பைசா நிதி'யைக் கொண்டு, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கண்ணாடித் தொழிற்சாலை நிறுவிய ஊர் இது. அந்தப் பைசாவுக்கு யார் யார் பங்காளிகள் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

லோக்கலின் ஊதல் கேட்கிறது. அண்ணாச்சி கட்டிங் சாயாவுக்குக் காசு வைக்கிறார். தம்பி கைப்பேசியை எடுத்து, அடுத்த பருவத்துக்கு யார் யாரை வைத்துக்கொள்ளப் போகிறார்கள் என்று யாரோ எழுதியிருக்கும் பட்டியலைக் காட்டுகிறார். அபினேஷின் பெயர் அதில் பூனா பக்கத்தில் இருக்கிறது.

"சரி, இருக்கட்டும்" என்கிறார் அண்ணாச்சி. "நாளைக்கு நைட் ஷிப்டா, பகலா?"