போகையில் ரயில், திரும்புகையில் கார்

செங்கோட்டையிலிருந்து புனலூர் செல்லும் சுமார் 50 கி.மீ. மலை ரயில்பாதை, மேற்குத் தொடர்ச்சி மலையின் பசுமையைக் காண விழையும் முதியோருக்கு மிக ஏற்றது. 1904-இல் மீட்டர் கேஜாகத் தொடங்கிய இப்பாதை, அகலப்பாதையாகி 2018-இல் மீண்டும் திறக்கப்பட்டது. பகவதிபுரத்தை அடுத்துக் குகையைக் கடந்தால் கேரளம். வண்டி மெல்லவே செல்லும். கைத்தடி ஊன்றுபவரும் அமர்ந்தபடியே கானகத்தைக் கண்டு களிக்கலாம். இரவு வண்டியில் முன்பதிவு செய்தவருக்கோ இருள்தான் காட்சி!

ஒரு குறை உண்டு. கழுதுருட்டியின் பதின்மூன்று கண் பாலத்தின் மீதே ரயில் செல்வதால், அதன் வளைவுகளின் அழகு பயணிகளுக்குப் புலப்படாது. ஆகவே தென்மலையில் இறங்கி, காரில் திரும்புதல் நலம். நெடுஞ்சாலை அப்பாலத்தை ஒட்டியே வருகிறது.

அடுத்து ஆரியங்காவு. இங்கு ஐயன், மதுரைச் சௌராஷ்டிரக் குலத்துப் புஷ்கலையை மணந்த மணவாளன். மார்கழித் திருக்கல்யாணத்திற்குச் சௌராஷ்டிர அன்பர்கள் பெண்வீட்டாராக இன்றும் செல்கின்றனர். ஆலயம் சாலையைவிடத் தாழ்வில் உள்ளது; முழங்கால் வலியுள்ளோர் நிதானமாகப் படியிறங்க வேண்டும். நண்பகலில் நடை சாத்திவிடுவர். எனவே அந்நேரத்திலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டே ரயிலைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பாலத்தருகே படமெடுப்பதில் பொழுது கழிந்தால், மாலைவரை காத்திருக்க நேரிடும்.