காற்பந்தை நம்பி மலையிறங்கும் பிள்ளைகளுக்கு

கேமரன் மலையின் பிரதான சாலையில், திரிங்காப்புக்கும் கம்போங் ராஜாவுக்கும் இடையே, பிளாஸ்டிக் கூரை போட்ட காய்கறித் தோட்டங்களும் தேயிலைச் சரிவுகளுமாகக் கிடக்கும் கோலா தெர்லாவில், சமதரை என்பதே அபூர்வமான வஸ்து. இருந்தும், பிற்பகலில் பனி இறங்குவதற்குள் அகப்படும் சிறிது நேரத்தில், அகப்பட்ட துண்டு நிலத்தில் பந்தை உதைத்துப் பழகி, பள்ளி அணியிலும் மாவட்ட அணியிலும் இடம்பிடித்து, பின்னர் ஆறாம் படிவத்திலோ சிறியதொரு கல்லூரியிலோ தொழிற்பயிற்சிக் கூடத்திலோ சேர்ந்து அங்கும் ஆடி, இதையே ஜீவனோபாயமாகக் கொள்ளலாமா என்று கேட்கும் பிள்ளைகள் இம்மலையில் இருக்கத்தான் செய்கிறார்கள். அந்தக் கேள்வியைப் பெற்றோர் அலட்சியப்படுத்துவது அநியாயம். பெருமிதத்தில் உடனே தலையசைத்துவிடுவது ஆபத்து. தொழில்முறைக் காற்பந்தில் ஒருவன் நுழைவது அவனுடைய திறமையைப் பொறுத்தது. ஆனால் அங்கே அவன் எத்தனை வருஷம் நிலைப்பான் என்பது, அவனை அமர்த்திய கிளப்பின் கஜானாவையும், அவன் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தையும், அந்த ஒப்பந்தம் மீறப்பட்டபோது எவ்வளவு சீக்கிரத்தில் எழுத்து மூலம் ஆட்சேபித்தான் என்பதையும் பொறுத்தது என்பதே நான் இங்கே வற்புறுத்த விரும்பும் விஷயம்.

நிர்வாகத்தால் நாம் பகாங் மாநிலத்தவர். ஆனால் சிம்பாங் பூலாய் சாலையில் இறங்கினால் பேரா மாநிலத்து ஈப்போவே நமக்குப் பக்கம், குவாந்தானோ தீபகற்பத்தின் மறுகரை. ஆகவே நம் பிள்ளைகள் நிமிர்ந்து பார்த்த மாநில அணிகள் இரண்டு. 2013, 2014 ஆகிய இரு ஆண்டுகளிலும் தொடர்ந்து மலேசியக் கிண்ணத்தை வென்ற பகாங்கின் வாரிசான ஸ்ரீ பகாங், 2025ஆம் ஆண்டில் அதே கிண்ணத்தின் இறுதியாட்டம் வரை வந்துவிட்டு, அதே ஆண்டிலேயே நாட்டின் முதல்நிலைப் போட்டியான சூப்பர் லீக்கிலிருந்து விலகிக்கொண்டது. பேரா அணியும் அந்தப் பருவத்தில் களம் இறங்கவில்லை. சம்பள பாக்கியால் பெயர் கெட்ட கெடா டாருல் அமான் அணிக்கும் இடமில்லாமல் போயிற்று. ஒரே வருஷத்தில் மலைக்கு இருபுறத்திலும் கதவுகள் சாத்தப்பட்டன என்பதை, காற்பந்தைத் தொழிலாகக் கருதும் ஒவ்வொரு குடும்பமும் நிதானமாக யோசித்துப் பார்க்க வேண்டும். அந்த அணிகளில் இருந்தவர்கள் திறமைக் குறைவால் வேலையிழந்தவர்கள் அல்லர்.

மலேசிய இந்தியரான நம்மவர்க்கு இத்துறையில் கீர்த்தி இல்லாமலில்லை. சிலந்தி மனிதன் என்று ஆசியா முழுவதும் பெயர் பெற்ற கோல்காவலர் ஆர். ஆறுமுகம், 1980ஆம் ஆண்டு மாஸ்கோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்ற மலேசிய அணியின் தூண்களில் ஒருவர். நாடு அப்போட்டியைப் புறக்கணித்ததால் அவருக்கு அங்கே ஆடும் பாக்கியம் வாய்க்கவில்லை. 1988இல் கார் விபத்தொன்றில் அகால மரணமடைந்தார். கே. ராஜகோபால் பயிற்றுநராக இருந்து 2010இல் தென்கிழக்காசியச் சுசுகி கிண்ணத்தை நாட்டுக்கு வென்று தந்த அணியில் எஸ். குணாளன் ஆடினார். எனினும் ஆறுமுகத்தின் காலத்துக்கும் நம் காலத்துக்கும் இடையில் அடிப்படையான ஒரு வித்தியாசம் உண்டு. அன்றைய ஆட்டக்காரர்களில் பலருக்கு வங்கியிலோ, போலீஸ் இலாகாவிலோ, வேறொரு அரசாங்க இலாகாவிலோ ஓர் உத்தியோகம் இருந்தது. பந்து கைவிட்டாலும் உத்தியோகம் கைவிடவில்லை. 1990களில் ஆட்டமே முழுநேரத் தொழிலாக மாறியபோது சம்பளம் உயர்ந்தது, ஆனால் அந்த இரண்டாவது ஊன்றுகோல் போயிற்று. பின்னர், 2020ஐ ஒட்டிய ஆண்டுகளில் கிளப்புகள் மாநிலச் சங்கங்களிலிருந்து பிரிக்கப்பட்டுத் தனியார் கம்பெனிகளாக்கப்பட்டன. மாநிலச் சங்கம் கடன்பட்டால் நெருக்கிக் கேட்க மந்திரியாவது இருந்தார். முதலீட்டாளர் விலகிய சென்டிரியான் பெர்ஹாட் என்னும் தனியார் கம்பெனியில் கேட்பதற்கு யார் இருக்கிறார்?

ஏணியின் நடுப்படிகளும் கழன்றுவிட்டன. பெரிய பயிற்சிக் கூடங்களில் வளராத பிள்ளையால், அதாவது கம்பாங்கில் உள்ள மொக்தார் டஹாரி அகாடமிக்கோ, புக்கிட் ஜாலில் விளையாட்டுப் பள்ளிக்கோ தேர்வாகாமல், சிறிய கல்லூரியிலிருந்து இருபது வயதுக்கு மேல் வருகிறவனால், முன்பெல்லாம் இரண்டாம் நிலையான பிரீமியர் லீக்கில் ஓரிரு வருஷம் ஆடித் தன்னை நிரூபித்துக்கொள்ள முடிந்தது. அந்த லீக் 2022ஆம் ஆண்டோடு நின்றுவிட்டது. மலேசிய இந்தியக் காற்பந்துச் சங்கத்தின் முயற்சியில் தோன்றி, 2019இல் சூப்பர் லீக் வரை உயர்ந்து, நம் இளைஞர் பலருக்கு இடம் தந்த பெட்டாலிங் ஜெயா சிட்டி அணியும் 2022ஆம் ஆண்டின் இறுதியில் விலகிற்று. மலாக்கா யுனைட்டெட், சரவாக் யுனைட்டெட் ஆகிய இரண்டுக்கும் 2023ஆம் ஆண்டு லைசென்ஸ் கிடைக்கவில்லை. இன்று கீழே அரைத்தொழில்முறை ஏ1 லீக் இருக்கிறது. ஆனால் அங்கே கிடைக்கும் வருமானத்தை மட்டும் நம்பிக் குடித்தனம் நடத்த இயலாது. மேலே சூப்பர் லீக்கிலோ, வெளிநாட்டு ஆட்டக்காரர்களுக்கு ஒதுக்கப்படும் இடங்கள் வரவரக் கூடிக்கொண்டே போகின்றன.

இது மலேசியாவுக்கு மட்டும் ஏற்பட்ட துர்ப்பாக்கியம் அன்று. ஆட்டக்காரர்களின் அகில உலகச் சங்கமான ஃபிஃப்புரோ, 54 நாடுகளில் ஏறத்தாழ 14,000 பேரை விசாரித்து 2016இல் வெளியிட்ட அறிக்கையின்படி, நூற்றுக்கு 41 பேருக்கு முந்தைய இரண்டு பருவங்களில் சம்பளம் தாமதமாகியிருந்தது. ஒப்பந்தத்தின் சராசரி ஆயுள் இரண்டு வருஷங்கூட இல்லை, 22 மாதமே.

இனி ஒப்பந்தத்தைப் பற்றி. 'நாளைக்கே முகாம், இன்றிரவே கையெழுத்து' என்று அவசரப்படுத்தி, ஒரே பிரதியில் கையெழுத்து வாங்கிக்கொண்டு அதையும் அலுவலகத்திலேயே வைத்துக்கொள்வது, பார்வைக்குச் சிறிய காரியம்; பின்னால் வரும் சங்கடங்களில் பாதி இங்கேதான் பிறக்கிறது. எழுத்து மூலமான ஒப்பந்தம் இருந்து, ஆடுவதற்கு ஆகும் செலவைவிடக் கூடுதலாக ஊதியம் பெறுகிறவனே தொழில்முறை ஆட்டக்காரன் என்பது ஃபிஃபாவின் விதி. ஒப்பந்தம் ஐந்து வருஷத்துக்கு மேற்படக் கூடாது; பதினெட்டு வயது நிரம்பாதவனுக்கு மூன்று வருஷத்துக்கு மேற்படக் கூடாது. மருத்துவப் பரிசோதனையில் தேறினால்தான் ஒப்பந்தம் செல்லும் என்ற நிபந்தனையும் செல்லாது. பரிசோதனை வேண்டுமானால் கையெழுத்துக்கு முன்பே கிளப் அதை முடித்துக்கொள்ள வேண்டும். இவை ஒவ்வொரு நாட்டுச் சங்கமும் மாற்றாமல் ஏற்றுக்கொள்ள வேண்டிய விதிகள். மலாய் வாசகம் புரியாவிட்டால் அதற்காக யாரும் வெட்கப்பட வேண்டியதில்லை. பையனுடைய பள்ளி ஆசிரியரிடமோ, தெரிந்த வழக்கறிஞரிடமோ காட்டி வாசித்துக் கேட்டபின் கையெழுத்திடலாம். இரண்டு நாள் பொறுக்க மாட்டோம் என்கிற கிளப், இரண்டு வருஷம் ஒழுங்காகச் சம்பளம் கொடுக்கும் என்று நம்ப எனக்கு மனம் வரவில்லை.

சம்பளம் நின்றால் என்ன செய்வது? பெரும்பாலான பிள்ளைகள் செய்வது காத்திருப்பது. 'அடுத்த வாரம் ஸ்பான்சர் பணம் வந்துவிடும்' என்று மேலாளர் சொல்வார். மூத்த ஆட்டக்காரர்களும் பொறு தம்பி என்பார்கள். தோட்டத்துப் பிள்ளைகளுக்கு மேலிடத்தை எதிர்த்துப் பேசக் கூடாது என்கிற கூச்சம் வேறு. மாதங்கள் கடக்கும். 2018 ஜூன் முதல் அமலில் உள்ள ஃபிஃபா விதியொன்று, நியாயமின்றி இரண்டு மாதச் சம்பளம் நிலுவையானால், ஆட்டக்காரன் எழுத்து மூலம் அறிவிப்புக் கொடுத்து, குறைந்தது 15 நாள் அவகாசமும் அளித்து, அதன் பின்னும் பணம் வராவிட்டால் தகுந்த காரணத்தோடு ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ளலாம் என்கிறது. இதில் உயிரான அம்சம் அந்த எழுத்து அறிவிப்பு. அது இல்லாமல் கோபித்துக்கொண்டு பயிற்சிக்குப் போகாமல் வீட்டுக்கு வந்துவிட்டால், ஒப்பந்தத்தை மீறியவன் ஆட்டக்காரன் என்று ஆகிவிடும். உள்நாட்டு ஆட்டக்காரனுக்கும் உள்நாட்டுக் கிளப்புக்கும் உள்ள தகராறு ஃபிஃபாவுக்குப் போகாமல் மலேசியக் காற்பந்துச் சங்கத்தின் கீழ் அமைந்த தீர்ப்புக் குழுவிடமே போகும் ஆதலால், இந்தப் பாதுகாப்பு தம் ஒப்பந்தத்தில் எந்த வாசகத்தில் இருக்கிறது என்று முதலிலேயே பார்த்து வைக்க வேண்டும். மின்னஞ்சலும் வாட்ஸ்அப் செய்தியும் வங்கிக் கணக்கும் சாட்சியங்களே. ஒன்றையும் அழித்துவிடக் கூடாது. சம்பளம் கேட்டவனைத் தனியே ஓடவிட்டு, அணியோடு சேராமல் பயிற்சி செய்யச் சொல்லி, அவனாகவே வெளியேறும்படி நெருக்குவதும் ஃபிஃபா விதிப்படி துஷ்பிரயோகமே. அதையும் தேதி வாரியாகக் குறித்துக்கொள்ளலாம்.

சம்பளச் சீட்டில் கண்ணுக்குத் தெரியாத ஓட்டை ஒன்று உண்டு. மாதம் 3,000 ரிங்கிட் சம்பளம் வாங்கும் பையனுடைய சீட்டில் ஊழியர் சேமநிதிக்காக நூற்றுக்கு 11 வீதம் 330 ரிங்கிட் பிடித்திருப்பார்கள். கிளப் தன் பங்காக 13 வீதம் 390 ரிங்கிட் சேர்த்து, மொத்தம் 720 ரிங்கிட்டை அவன் கணக்கில் கட்ட வேண்டும். பிடித்த பணம் போய்ச் சேர்ந்ததா என்பதை அவனே கைத்தொலைபேசியில் உள்ள, சேமநிதி வாரியத்தின் கே.டபிள்யூ.எஸ்.பி. செயலியைத் திறந்து மாதா மாதம் பார்த்துவிடலாம். நான்கு மாதம் கட்டாமல் விட்டிருந்தால் 2,880 ரிங்கிட் அவனுடைய முதுமையிலிருந்து எடுக்கப்பட்டிருக்கிறது என்று அர்த்தம். இது ஆட்டத் தகராறு அல்ல, நாட்டின் சட்டத்தை மீறிய குற்றம். சேமநிதி வாரியத்திடம் நேரே புகார் செய்யலாம், கம்பெனியின் இயக்குநர்களையும் சட்டம் பொறுப்பாளிகளாக்கும். சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவுக்குக் கட்ட வேண்டிய சந்தாவும் அப்படியே. முழங்கால் முறிந்தவனுக்கு அந்தச் சந்தா கட்டப்பட்டிருந்ததா இல்லையா என்பது ஆபரேஷனுக்குப் பிறகு தெரியவேண்டிய விஷயம் அன்று.

காயத்தைப் பற்றி இவ்வளவு சொன்னால் போதும்: காயம் பட்டதையோ, ஆட்டம் மங்கியதையோ தனியே காரணம் காட்டி ஒப்பந்தத்தைக் கிளப் முறிப்பது நியாயமான காரணமாக ஏற்கப்படுவதில்லை. சிகிச்சைச் செலவை யார் ஏற்பது, எத்தனை மாதம் வரை ஏற்பது என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்க வேண்டும்.

ஏஜென்டுகள் விஷயத்தில் பெற்றோர் கண்டிப்பாக இருக்கலாம். ஃபிஃபாவின் பரீட்சையில் தேறி லைசென்ஸ் பெற்றவர்களின் பெயர்கள் அதன் இணையதளத்தில் பகிரங்கமாக உள்ளன. 'தாய்லாந்தில் தேர்வாட்டம், முன்பணம் கட்டினால் போதும்' என்று வருகிறவரிடம் லைசென்ஸைக் கேளுங்கள். காட்டாவிட்டால் பேச்சை அத்தோடு முடித்துக்கொள்ளுங்கள். பதினெட்டு வயதுக்குட்பட்டவர்களை வேறு நாட்டுக் கிளப்புக்கு மாற்றுவதை, சில குறிப்பிட்ட விலக்குகள் நீங்கலாக, ஃபிஃபா தடை செய்திருக்கிறது.

இன்னொரு ஆபத்தையும் நான் மனக்கலக்கத்தோடுதான் குறிப்பிடுகிறேன். 1994, 1995 ஆண்டுகளில் ஆட்டங்களை விலைபேசிய விவகாரத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட ஆட்டக்காரர்கள் விசாரிக்கப்பட்டார்கள். பலருடைய ஆட்ட வாழ்க்கை அத்தோடு அஸ்தமித்தது. மூன்று மாதச் சம்பளம் வராத இருபத்திரண்டு வயதுப் பையனைத் தேடித்தான் அந்தத் தரகர்கள் வருகிறார்கள். முதலில் கடன் என்பார்கள், பிறகு ஒரே ஒரு பெனால்டி என்பார்கள். அப்படியொருவர் நெருங்கினால், பணம் வாங்காவிட்டாலும்கூட, விஷயத்தை ஒளிக்காமல் சங்கத்துக்கும் ஊழல் தடுப்பு ஆணையத்துக்கும் தெரிவித்துவிடுவது அவனுக்கே ரட்சை. தெரிந்தும் மௌனமாக இருந்தவனும் ஆட்ட விதிகளின்படி குற்றவாளியாகிறான்.

கிளப்பே கலைந்துவிட்டால் வழிகள் குறுகுகின்றன, அடைபட்டுவிடவில்லை. கம்பெனி நீதிமன்ற மூலம் கலைக்கப்படும்போது ஊழியர் சம்பளத்துக்குக் கம்பெனிச் சட்டம் ஓரளவு முன்னுரிமை தருகிறது. ஆனால் கலைப்பு அதிகாரியிடம் உரிமைக் கோரிக்கையை உரிய காலத்தில் தாக்கல் செய்தவனுக்கே அது பயன்படும். நியாயமின்றி வேலையிலிருந்து நீக்கப்பட்டதாகக் கருதுகிறவர் தொழிலுறவு இலாகாவில் 60 நாளுக்குள் முறையிட வேண்டும். அறுபத்தோராவது நாள் போனால் கதவு சாத்தியிருக்கும். வழக்கறிஞர் வைக்க வசதியில்லாதவர்களுக்கு அரசாங்கச் சட்ட உதவி இலாகா உண்டு. இவை எல்லாவற்றுக்கும் முன்னால் கூப்பிட வேண்டிய இடம், ஃபிஃப்புரோவின் அங்கமாக இயங்கும் பி.எப்.ஏ.எம். என்ற மலேசியத் தொழில்முறைக் காற்பந்தாட்டக்காரர் சங்கம். அறிவிப்புக் கடிதம் எப்படி எழுதுவது என்பதிலிருந்து தீர்ப்புக் குழுவின் முன் நிற்பது வரை இத்தகைய வழக்குகளில் பழகியவர்கள் அங்கே இருக்கிறார்கள். சங்கத்தில் சேரச் சம்பளம் நிற்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட அதே வாரத்தில் சேர்ந்துகொள்ளலாம், கையெழுத்திடுமுன் அந்தக் காகிதத்தை அவர்களிடம் அனுப்பி அபிப்பிராயமும் கேட்கலாம்.