மரத்துக்குள் பயிர் வைக்கும் வண்டு

செஞ்சியில் மரவாடிப் பக்கம் போனால் புதிதாக அறுத்த மாம்பலகையைத் திருப்பிப் பாருங்கள். சில பலகைகளில் குண்டூசி நுழையும் அளவுக்கு வட்டத் துளைகள் இருக்கும், ஓரம் கருத்திருக்கும். பழைய உத்திரத்திலிருந்து மாவு கொட்டச் செய்யும் வண்டு வேறு. அது காய்ந்த மரத்தைத் தின்பது. இது ஈரமரத்தைத் தேடி வரும், ஆனால் மரத்தைத் தின்னாது. கடைந்த தூளை வெளியே தள்ளிவிட்டு, துளைச் சுவரில் பூஞ்சை வளர்த்துச் சாப்பிடும். அந்தக் கருப்பு, பூஞ்சை படிந்த கறை.

இவை அம்புரோசியா வண்டுகள். துளைக்குள் வளர்வது பூஞ்சைதான் என்று 1844இல் கண்டு சொன்னவர் ஜெர்மானிய வனவியலாளர் தியோடோர் ஹார்ட்டிக். பிறந்த துளையை விட்டுக் கிளம்பும் வண்டு, உடம்பில் அதற்கென்றே அமைந்த நுண்ணிய பைகளில் பூஞ்சை வித்தை எடுத்துக்கொண்டு பறக்கிறது, விதைநெல்லோடு புது ஊருக்குக் குடிபோகும் உழவரைப் போல. புழுக்களுக்கும் அந்தப் பூஞ்சைதான் சாப்பாடு.

நம் பக்கத்தில் இந்த வண்டுகளின் தொல்லை தேயிலைக்குத்தான் அதிகம். ஆனைமலையிலும் இலங்கை மலையகத்திலும் இரண்டு மில்லிமீட்டர் பெண் வண்டு கிளைக்குள் வளையமாகக் கடைகிறது. காற்றடித்தால், கொழுந்து பறிக்கும் கை பட்டால், கிளை அந்த இடத்தில் ஒடிகிறது. அதன் பூஞ்சையை 1947இல் இலங்கையில் கேட், லூஸ் என்ற இரு ஆய்வாளர்கள் விவரித்தார்கள். மேலே மருந்தடித்து இதை ஒழிப்பது கடினம். வண்டு கிளைக்குள் இருக்கிறது. நஞ்சு பட்ட பட்டையையும் அது தின்பதில்லை.

செஞ்சி மலைகளில் ஓக் கிடையாது. ஆனால் ஓக் காடுகளுக்கு நேர்ந்ததைத் தெரிந்துகொண்டால்தான் இந்தக் கூட்டணியின் முழு வலிமை புரியும். ஜப்பானில் பிளாட்டிபஸ் குவெர்சிவோரஸ் என்ற வண்டு ஓக் அடிமரத்தில் நூற்றுக்கணக்கில் மொய்க்கிறது. அது சுமந்து வரும் பூஞ்சைக்கு 2002இல் ரஃபேலியா குவெர்சிவோரா என்று பெயரிட்டார்கள். பூஞ்சை பரவிய இடத்தில் மரத்தின் நீரோட்டம் நின்றுவிடுகிறது. நடுக்கோடையிலேயே இலை முழுவதும் பழுப்பாகி மரம் பட்டுப்போகிறது.

பழியை வண்டின்மேல் மட்டும் போடுவது நியாயமில்லை என்பேன். அந்த ஓக் மரங்களை ஊர்மக்கள் விறகுக்கும் கரிக்கும் இருபது முப்பது ஆண்டுக்கு ஒருமுறை வெட்டுவார்கள். அடித்தூர் மறுபடி துளிர்க்கும். எரிவாயுவும் மண்ணெண்ணெயும் வந்தபின் வெட்டுவது நின்றது, மரங்கள் பருத்தன. இந்த வண்டு விரும்பித் தேடுவது பருத்த அடிமரத்தை. 1980களுக்குப் பிறகு சாவு பரவியது. இன்று அங்கே அடிமரத்தில் பிளாஸ்டிக் தாளைச் சுற்றி வண்டைத் தடுக்கிறார்கள். பட்ட மரத்தை அறுத்து நச்சுப்புகை போடுகிறார்கள். முன்போல் உரிய வயதில் வெட்டித் துளிர்க்கவிட வேண்டும் என்று வனவியலாளர்கள் சொல்கிறார்கள்.