மலைக்கும் வேர் உண்டு

1802-ஆம் ஆண்டில் சென்னைப் பரங்கிமலையருகே தொடங்கிய மாபெரும் முக்கோண நில அளவை, வடக்கே நகர்ந்து இமயத்தை நெருங்கியபோது, கலியான்பூருக்கும் அதற்குச் சுமார் 600 கிலோமீட்டர் வடக்கேயுள்ள கலியானாவுக்கும் இடைப்பட்ட தூரம், நிலத்தை அளந்து கணித்தால் ஒன்றாகவும், தூக்குக்குண்டு காட்டும் செங்குத்தைக் கொண்டு நட்சத்திரங்களை நோக்கிக் கணித்தால் வேறொன்றாகவும் வந்து, ஏறத்தாழ 150 மீட்டர் வித்தியாசம் காட்டியது. இமயம் தூக்குக்குண்டைத் தன்பால் ஈர்ப்பதே காரணமென்று கருதிய கல்கத்தாப் பாதிரியார் பிராட், மலையின் எடையை அனுமானித்துக் கணக்கிட்டுப் பார்த்தார். விசித்திரம் என்னவெனில், வித்தியாசம் அதைப்போல் மூன்று மடங்கு இருந்திருக்க வேண்டும்! அத்தனை பெரிய பர்வதம் இத்தனை சொற்பமாகவா இழுக்கும்?

நீரில் மிதக்கும் மரக்கட்டைகளுள் மேலே அதிகமாகத் தலைதூக்குவது கீழேயும் அதிகமாக அமிழ்ந்திருப்பதைப் போல, மலைக்கு அடியிலும் லேசான பாறையே வேராக இறங்கி, ஆழத்திலுள்ள கனத்த பாறையை விலக்கி நிற்கிறது என்று 1855-இல் விளக்கினார், கிரீனிச் வானியலறிஞர் ஜார்ஜ் எய்ரி. பாறையின் அடர்த்தியே இடத்துக்கிடம் மாறுகிறது என்றார் பிராட். அதிலும் உண்மை உண்டு, ஆயினும் இமயத்தின் விஷயத்தில் நியாயம் பெரும்பாலும் எய்ரியின் பக்கமே. சாதாரணமாகக் கண்டங்களில் 35, 40 கிலோமீட்டர் தடிமனுள்ள பூமியின் மேலோடு, திபெத்துக்கு அடியில் சுமார் 70 கிலோமீட்டர் இருப்பதைப் பிற்காலத்தில் பூகம்ப அலைகள் காட்டின.

மிதக்கும் கட்டையைப் போலவே, பாரம் நீங்கினால் நிலம் மெல்ல உயரவும் செய்யும்: பனியுகத்துப் பனிப்பாளத்தின் சுமை நீங்கி ஏறத்தாழ பத்தாயிரம் ஆண்டுகள் ஆகியும், ஸ்வீடனின் வடகிழக்குக் கடற்கரை இன்னமும் ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் அளவில் உயர்ந்துகொண்டிருக்கிறது.