வாட்ஸ்அப்பில் வந்த வீட்டு பிளான்

சென்னையில் அடையாறிலும் மயிலாப்பூரிலும் பழைய வீட்டை இடித்துக் கட்டுகிற பலருக்கு பிளான் இன்று வாட்ஸ்அப் படமாகத்தான் வந்து சேர்கிறது. அறை எங்கே, படி எங்கே என்று பார்க்க அது போதும். வீடு கட்டப் போதாது. பொறியாளரின் கணினியில் இருப்பது படமே அல்ல. 1982-ல் வந்த ஆட்டோகேட் போன்ற மென்பொருள்களில் ஒரு சுவர் என்பது இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஓடும் கோடாக, எண்களில் பதிவாகிறது. இதுதான் வெக்டர். எத்தனை மடங்கு பெரிதாக்கினாலும் மென்பொருள் கோட்டைப் புதிதாக வரைந்துகொள்ளும். சுவருக்கு ஒரு லேயர், மின்இணைப்புக்கு ஒன்று, குழாய்க்கு வேறொன்று; வேண்டாததை மறைத்து வைக்கலாம். படமாக மாற்றியதும் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிப் பிக்சல் என்னும் புள்ளிகளாகிவிடுகின்றன. 1957-ல் அமெரிக்காவில் ரஸல் கிர்ஷ் முதன்முதலில் ஸ்கேன் செய்த புகைப்படத்தில் நீளத்திலும் அகலத்திலும் 176 பிக்சல்தான் இருந்தது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு கிரவுண்டு மனை, 40-க்கு 60 அடி. படத்தின் நீளம் 1600 பிக்சல் என்று கொள்வோம். ஒரே தாளில் தரைத்தளம், மாடி, முகப்பு, வெட்டுத்தோற்றம் எல்லாம் இருப்பதால், மனையின் 60 அடிக்கு 400 பிக்சல் கிடைத்தாலே பெரிது. ஆக, ஒரு பிக்சல் 1.8 அங்குலம். நாலரை இஞ்ச் சுவருக்கு இரண்டரைப் புள்ளி, ஒன்பது இஞ்ச் சுவருக்கு ஐந்து. வாட்ஸ்அப் படத்தைச் சிறிதாக்கும் ஜேபெக் சுருக்கத்தில் ஓரங்கள் மங்கிய பிறகு எது எந்தச் சுவர் என்று கண்ணால் சொல்வது கடினம்.

டிபிஐ-யை 300 ஆக்கினால் தெளிவாகிவிடுமே என்பார்கள். ஆகாது. ஓர் அங்குலத் தாளில் எத்தனை புள்ளி விழ வேண்டும் என்பதை மட்டுமே அந்த எண் சொல்கிறது; 1600 புள்ளியை 300 டிபிஐ-யில் அச்சிட்டால் சுமார் ஐந்தேகால் அங்குலத்தில் முடிந்துவிடும். மேஸ்திரி பிளானில் எழுதியிருக்கும் அளவைப் பார்த்துத்தானே கட்டுகிறார் என்ற வாதம் நியாயமானது, அதுவே சரியான முறையும்கூட. ஆனால் அந்த எண்களும் இதே புள்ளிகள்தான். மங்கினால் 3-க்கும் 8-க்கும் வித்தியாசம் தெரியாது. மூலக் கோப்பைத் தரப் பொறியாளர் தயங்குவதிலும் தவறில்லை, யாரும் அதைத் திருத்திவிடலாம். அதிலிருந்து நேரடியாக எடுத்த, கோடுகளைக் கோடுகளாகவே வைத்திருக்கும் பிடிஎஃப் தர என்ன தடை?

அச்சிடும்போது ஸ்கேலிலும் கவனம் வேண்டும். ஏ2 தாளுக்கு 1:100 என்று அமைத்ததைக் கடையில் ஏ3-க்குள் அடக்கி எடுத்தால் அது 1:141 ஆகிவிடும். 10 அடி அறையை 1:100 ஸ்கேல் வைத்து அளந்தால் 7 அடி என்று காட்டும். 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்ட தமிழ்நாட்டில் 2024 ஜூலை முதல் சுயசான்றிலேயே அனுமதி கிடைப்பதால், பிளானைப் புரிந்துகொள்ளும் பொறுப்பு உரிமையாளருக்குக் கூடியிருக்கிறது. பிடிஎஃப் வந்ததும் பெரிதாக்கிப் பாருங்கள். கோடு தெளிவாக நின்றால் வைத்துக்கொள்ளுங்கள். படிக்கட்டுபோல் உடைந்தால் அதுவும் படம்தான், திருப்பி அனுப்பி வேறு கேளுங்கள்.