தொடர் விடுமுறையும் தோட்டத் தொழிலாளர் ஓய்வும்

பால்மரம் வெட்டுவோரின் நாள், ஊரார் உறங்கும் வேளையிலேயே தொடங்கிவிடுகிறது. வெயில் ஏறினால் பாலோட்டம் குறைந்துவிடும் என்பதால், விடியுமுன் எழுந்து பெரட்டுக்குச் செல்வது நம் தோட்டங்களின் நெடுநாள் வழக்கம். ஆதலால், தொடர் விடுமுறை வாய்க்கும்போது தொழிலாளரின் உடல் முதலில் வேண்டுவது உல்லாசப் பயணமன்று, உறக்கமே.

வெட்டிய மரத்தை ஒரு நாள் விட்டு ஒரு நாள் வெட்டுவது பல தோட்டங்களில் வழக்கம். வடிந்த பால் மீண்டும் ஊறுவதற்கு அவ்விடைவெளி வேண்டியிருக்கிறது. மரத்திற்குத் தரும் ஓய்வை மனிதர் தமக்குத் தந்துகொள்ளத் தயங்குவானேன்?

ஓய்வு நாளில் பொது விடுமுறை வந்தால், அடுத்த வேலை நாள் சம்பளத்துடன் கூடிய விடுமுறையாகும் என்பது 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் விதி. 2025இல் தேசிய நாளான ஆகஸ்டு 31 ஞாயிற்றுக்கிழமை வந்தமையால், ஞாயிறு ஓய்வுள்ள இடங்களில் திங்களும் விடுமுறையாயிற்று. நகரத்து அலுவலர் பலருக்கு அது மூன்று நாள். வாரத்தில் ஆறு நாள் உழைப்போருக்கோ இரண்டே நாள்.

அவ்விரண்டு நாளையும் நெடும்பயணத்தில் கழித்து, நள்ளிரவில் லயத்துக்குத் திரும்பி, கண்ணெரிச்சலோடு கத்தியை எடுப்பவர் ஓய்வு பெற்றவராகார். தூக்கக் கலக்கத்தில் கத்தி ஆழமாய் இறங்கி மரம் காயப்பட்டால், அவ்விடத்தில் புதுப்பட்டையும் சீராக வளராது.

எனவே முதல் நாளை வீட்டிலேயே கழிப்பது நலம். அன்று பெண்களுக்கும் விடுமுறை வேண்டும். அவர்களும் மரம் வெட்டுபவர்களே. ஆடவர் அஞ்சடியில் சாய்ந்திருக்க, பெண்கள் ஒரு வாரத்துத் துணியைத் துவைத்து, வந்த விருந்தினருக்கும் சமைத்துக்கொண்டிருந்தால், அந்த வீட்டில் பாதிப்பேர் விடுமுறையே காணவில்லை என்றுதான் பொருள். துவைப்பதையும் சமைப்பதையும் ஆடவரும் வளர்ந்த பிள்ளைகளும் பங்கிட்டுக்கொள்ளட்டும். அதனால் எவர் மதிப்பும் குறைந்துவிடாது.

மறுநாள் அருகிலுள்ள ஓரிடத்திற்குச் சென்று வரலாம். வட பேராக்கில் வாழ்வோருக்குத் தைப்பிங் ஏரிப் பூங்கா இருக்கிறது. பழைய ஈயச் சுரங்கப் பள்ளங்களில் அமைந்த ஏரிகள் அவை. கரையோரப் பெருமரங்களின் கிளைகள் சாலையைத் தாண்டி நீரின்மேல் வளைந்து நிற்கும் காட்சி காணத்தக்கது. மழை மிகுந்த ஊராதலால் குடையை மறக்கலாகாது. நெகிரி செம்பிலானில் உள்ளோருக்குப் போர்ட்டிக்சன் கடற்கரை உண்டு. சோற்றுப் பொட்டலம் கட்டிச் சென்றால் கைக்காசும் மிஞ்சும். பொழுது சாயுமுன் வீடு திரும்பிவிட வேண்டும்.

இன்னொன்று: பொது விடுமுறைக்கு முந்திய அல்லது பிந்திய வேலை நாளில், முன் அனுமதியோ தக்க காரணமோ இன்றி வேலைக்கு வராதவருக்கு அவ்விடுமுறைக்குரிய சம்பளம் கிடைக்காது. கூடுதலாக ஒரு நாள் தேவைப்படுவோர், புறப்படுமுன்பே தோட்ட அலுவலகத்தில் சொல்லி அனுமதி பெற்றுக்கொள்ள வேண்டும்.